உடலைப் பற்றி ஒரு நிகழ்வு: மேடையா, தெருவா, கேலரியா, கேமராவா?

நிறம், எடை, உயரம், முடி, மார்பு என்று நம் உடம்பைப் பற்றி ஊர் சொன்னதையெல்லாம் வைத்து ஒரு நிகழ்வு செய்யவேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், நாடகப் பட்டறைகளுக்கு வந்துபோகிறவர்கள், பரதம் கற்றுப் பாதியில் விட்டவர்கள், ஐ.டி. வேலையிலிருந்து மாலையில் ஒத்திகைக்கு ஓடி வருகிறவர்கள். சொல்ல விஷயம் இல்லாமல் யாரும் வருவதில்லை. "என்ன இப்படி உடம்பு போட்டுட்ட?", "வெயில்ல சுத்தாத, கருத்துடுவ", "சாப்பிடுறியா இல்லையா, காத்தடிச்சா பறந்துடுவ போல" என்று ஒரு நோட்டு நிறைய வசனம் வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொள்வது வடிவத்தில்தான். மேடையில் தனியாக நிற்பதா, வீதி நாடகமாகப் போடுவதா, ஓவியக் கேலரியில் மணிக்கணக்கில் செய்வதா, வீடியோவாக எடுப்பதா?

மற்ற விஷயங்களில் இந்தக் கேள்வி இவ்வளவு கனமானது இல்லை. தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றி நாடகம் போட்டால் பார்க்கிறவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிப்பார்கள். உடலைப் பற்றி நாடகம் போட்டால் முதலில் உங்கள் உடலைத்தான் பார்ப்பார்கள். எந்தப் பார்வையைக் கேள்வி கேட்க வந்தீர்களோ, அதே பார்வைக்கு முன்னால் நீங்களே போய் நிற்கிறீர்கள். அதனால் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தப் பார்வையின் கடிவாளம் யார் கையில் இருக்கப்போகிறது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறீர்கள். பலர் இதை யோசிக்காமல், செலவு எது குறைவு, ஹால் எது கிடைக்கும் என்பதில் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

பார்வை யார் கையில்? எவ்வளவு நேரம் பார்க்கலாம், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கலாம், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை முடிவு செய்வது நீங்களா, பார்ப்பவரா? நடுவில் "போதும்" என்று தோன்றினால் உங்களால் நிறுத்த முடியுமா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

யார் பார்க்கவேண்டும்? ஏற்கெனவே ஒத்துக்கொள்கிறவர்களா, அந்த வசனங்களைத் தினமும் பேசுகிறவர்களா? சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்குக் குரல் கொடுத்தபோது நாடு முழுக்கப் பேசினார்கள். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு வரன் தேடும் தளமான ஷாதி டாட் காம் தோல்நிற வடிகட்டியை எடுத்துவிட்டது. ஆனால் ஜாதகத்தோடு வரும் தரகர் "பொண்ணு கலரா இருக்குமா?" என்று இன்றும் கேட்கத்தான் செய்கிறார். அவரும் உங்கள் பார்வையாளராக இருக்கவேண்டுமென்றால் அவர் வரும் இடத்துக்கு நீங்கள் போகவேண்டும்.

உடம்புக்கும் மனசுக்கும் ஆகும் செலவு. ஒரு காயத்தை ஒருமுறை சொல்வது வேறு, ஒத்திகையில் ஐம்பது முறை சொல்வது வேறு.

பணம், இடம், அனுமதி, சட்டம். இதைத் தள்ளிப்போட முடியாது.

பிறகு என்ன மிஞ்சும்? நிகழ்வு முடிந்த மறுநாள் உங்களுக்கும் பார்த்தவருக்கும் என்ன கிடைக்கிறது, எது உங்களைத் துரத்துகிறது என்பது.

முதலும் மூன்றாவதும் எனக்கு முக்கியம். பணம் இல்லாமல்கூட நல்ல நிகழ்வு செய்துவிடலாம். நிறுத்த முடியாத நிகழ்வில் மாட்டிக்கொண்டால் யாரும் காப்பாற்ற வரமாட்டார்கள்.

| | சிறு அரங்கில் தனி நிகழ்வு | வீதி நாடகம் | கேலரியில் நெடுநேர நிகழ்வு | வீடியோ, புகைப்படம் |
|---|---|---|---|---|
| பார்வையின் கட்டுப்பாடு | பெரும்பாலும் உங்களிடம் | கூட்டத்திடம் பாதி | பார்வையாளரிடம் கூடுதல் | எடுக்கும்வரை உங்களிடம், வெளியிட்டபின் இல்லை |
| யார் வருவார்கள் | நண்பர்கள், நாடகம் பார்ப்பவர்கள் | யார் வேண்டுமானாலும் | கலை வட்டத்தினர் | தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் |
| மனச்செலவு | ஒத்திகையில் அதிகம் | நிகழ்வின்போது அதிகம் | இரண்டிலும் அதிகம் | வெளியீட்டுக்குப் பிறகு அதிகம் |
| பணம் | ஹால், லைட் | குறைவு, ஆனால் ஆள் தேவை | கேலரி அழைத்தால் குறைவு | கேமரா இருந்தால் குறைவு |
| மறைந்திருக்கும் தொல்லை | தெரிந்தவர்களின் அனுதாபம் | போன் கிளிப்புகள் | உடல் உபாதை | ஸ்கிரீன்ஷாட், கமெண்ட், வழக்கு |

## சிறு அரங்கில் தனியாக

நூறு பேருக்கு உட்பட்ட ஒரு ஹால், ஒரு நாற்காலி, நான்கைந்து விளக்குகள், நீங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கதவு எப்போது திறக்கும், வெளிச்சம் எப்போது வரும், எப்போது இருட்டாகும் என்பதெல்லாம் உங்கள் முடிவு. பார்வையாளர் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் நிற்கிறீர்கள். பெண் பார்க்கும் படலத்தின் ஏற்பாட்டை அப்படியே திருப்பிப்போட்டது மாதிரி இது. அங்கே அவர்கள் கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்லவேண்டும். இங்கே கேள்வி உங்களுடையது.

இந்த வாய்ப்பை முழுசாகப் பயன்படுத்திய நிகழ்வு ஒன்று உண்டு. தில்லியைச் சேர்ந்த மல்லிகா தனேஜா 'தோடா தியான் சே' (கொஞ்சம் ஜாக்கிரதையாக) என்று தனி நிகழ்வு செய்கிறார். ஆடையில்லாத உடலோடு மௌனமாக நின்று பார்வையாளர்களைப் பார்ப்பதில் அது தொடங்குகிறது. அப்புறம் பேசிக்கொண்டே ஒவ்வோர் உடையாக அணியத் தொடங்குகிறார். பெண்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்ற உபதேசம் நீள நீள, துணிமேல் துணி ஏறிக்கொண்டே போகிறது. நாம் எதிர்பார்ப்பது ஆடை களைவதை, நடப்பது அதற்கு நேர் எதிர். கவனிக்கவேண்டியது அந்தத் தொடக்க மௌனம். அவர் எங்களைப் பார்க்கிறாரா, நாங்கள் அவரைப் பார்க்கிறோமா என்று அரங்கில் இருப்பவர்கள் நெளியவேண்டும். பஸ் ஸ்டாண்டில் அந்த மௌனம் சாத்தியமே இல்லை. மூடிய கதவும், டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ஒப்புதலும் இருப்பதால்தான் அது நடக்கிறது.

எல்லோரும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பெசன்ட் நகரில் நாட்டியக் கலைஞர் சந்திரலேகா வைத்திருந்த 'ஸ்பேசஸ்' வளாகத்தில் பிறந்த நாட்டியங்களைப் பாருங்கள். 1985-இல் 'அங்கிகா', 2001-இல் 'சரீரா'. பரதத்தின் நகைக் குவியலையும் ஒப்பனையையும் கழித்துவிட்டு, முதுகுத்தண்டையும் மூச்சையும் பார்க்கவைத்தார். 'சரீரா' செய்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. உடலைப் பற்றிய நிகழ்வு என்றால் பட்ட அவமானத்தை வரிசையாகச் சொல்லியே தீரவேண்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம். அழகா இல்லையா என்ற கேள்வியே எழாதபடி ஓர் உடல் மேடையில் இயங்கினாலும் அது அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

முதலாவது, ஒத்திகை. உங்களை "பூசணி" என்று கூப்பிட்ட மாமாவின் வசனத்தை நீங்களே எழுதி, நீங்களே பேசி, டைமிங் சரியில்லை என்று மறுபடி பேசுவீர்கள். மூன்றாவது வாரத்தில் அது வெறும் வசனமாகிவிடும் என்கிறார்கள். சிலருக்கு ஆகிறது, சிலருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நாடகக்காரர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆரம்ப ஒத்திகைகளில் உங்கள் பிரதியை வேறொருவர் பேசட்டும், நீங்கள் எதிரே உட்கார்ந்து பாருங்கள். "நான்" என்று எழுதியதையெல்லாம் "அவள்" என்று மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படியும் கண்ணில் நீர் வந்தால் அந்தப் பகுதி இன்னும் மேடைக்குத் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, லைட். இதை யாரும் எச்சரிப்பதில்லை. கறுத்த தோலைப் பற்றி நிகழ்வு செய்யப் போவீர்கள். மேக்கப் போடுபவர் பழக்கதோஷத்தில் உங்கள் நிறத்துக்கு இரண்டு படி மேலே உள்ள பவுண்டேஷனைக் கையில் எடுப்பார். லைட் போடுபவர் "சோக சீனா? நீலம் போட்டுடலாம்" என்பார். நீல வெளிச்சத்தில் கறுத்த தோல் அமுங்கிப்போய், பின்னால் இருக்கிற கறுப்புத் துணியோடு முகம் கலந்துவிடும். பக்கவாட்டில் இருந்து ஆம்பர் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு வெளிச்சம்) கொடுத்தால் தோளும் கன்னமும் எழுந்து நிற்கும். டெக்னிக்கல் ஒத்திகைக்கு அரை நாள் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஹால் வாடகையில் அந்த அரை நாளைச் சேர்க்காமல் பட்ஜெட் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, நிகழ்வு முடிந்ததும் வரும் பாராட்டு. "ரொம்ப தைரியமா பண்ணீங்க" என்பார்கள். உங்கள் உடம்போடு மேடையில் நிற்பதற்கே தைரியம் வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சிரித்துக்கொண்டே நன்றி சொல்லவேண்டிவரும். வீட்டார் வந்திருந்தால் இன்னும் சிக்கல். மேடையில் நீங்கள் திரும்பச் சொன்ன வசனத்துக்குச் சொந்தக்காரர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். முதல் காட்சிக்கு அவர்களை அழைப்பதா, மூன்றாவது காட்சிக்கா என்று முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.

எங்கே இது பலவீனம்? பார்வையாளரில். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கிலோ எழும்பூர் மியூசியம் தியேட்டரிலோ போட்டால் வருகிறவர்களில் பாதிப்பேர் முகம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். தரகர் வரமாட்டார். உங்களோடு ஒத்துப்போகிறவர்களுக்கு முன்னால் பேசுவதிலும் பயன் உண்டு. தனியாக இல்லை என்று பார்ப்பவரும் நீங்களும் தெரிந்துகொள்கிறீர்கள். அதற்குமேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

## தெருவில்

ஆள் இருந்தால், அதாவது குறைந்தது ஆறேழு பேர் கொண்ட குழு இருந்தால், என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. பெண் சிசுக்கொலையை எதிர்த்து அ. மங்கை 1990-களில் இயக்கிய 'பச்ச மண்ணு' ஊர் ஊராகப் போனது. யாருடைய வீட்டுப் பழக்கத்தைக் கேள்வி கேட்கிறோமோ அவர்களுடைய தெருவிலேயே போய்க் கேட்பதுதான் வீதி நாடகத்தின் பலம்.

உடல் கேலிக்கு இந்த வடிவம் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூட்டம் சும்மா இருக்காது. வட்டமாக நின்று பறையடித்து ஆளைக் கூட்டியவுடன் ஓரத்தில் இருந்து ஒரு குரல் வரும்: "டேய், அந்தக் குண்டுப் பொண்ணு என்னடா பண்ணுது?" அரங்கத்தில் இப்படி வந்தால் நிகழ்வு உடைந்துவிடும். தெருவில் அதையே எடுத்து நாடகத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். தெருக்கூத்தின் கட்டியக்காரன் செய்வது இதுதானே. கூட்டத்தோடு கூட்டமாகக் கேலி பேசி, அடுத்த நொடி கேலி பேசியவனையே சிரிப்புக்கு ஆளாக்கிவிடுவான். உங்கள் குழுவில் அந்த வேலைக்கு நாக்கு கூர்மையான ஒருவர் வேண்டும். உடலைப் பற்றிப் பேசும் நடிகரே கேலிக்கும் பதில் சொல்லவேண்டிய நிலைமையை வைக்காதீர்கள். அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே கட்டியக்காரன் நிற்கட்டும். பார்வையின் கடிவாளத்தைத் தெருவில் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பொருள்கள் சாதாரணமாக இருந்தால் போதும். ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு மின்ன நின்றிருந்த எடை மெஷின் நினைவிருக்கிறதா? காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சடித்த அட்டைச் சீட்டு வந்து விழும். அட்டைப்பெட்டியில் அப்படி ஒன்று செய்து, உள்ளே ஒரு நடிகரை உட்கார வையுங்கள். ஏறி நிற்பவருக்குச் சீட்டில் எடைக்குப் பதில் பெரியம்மா சொல்லும் தீர்ப்பு வந்து விழட்டும்: "இந்த உடம்புக்கு எவன் வருவான்." ஆண்களையும் விட்டுவிட வேண்டாம். போலீஸ் வேலைக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 81 செ.மீ., மூச்சிழுத்து விரித்தால் 5 செ.மீ. கூடவேண்டும் என்ற பொதுப்பிரிவு அளவைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பையன்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். டேப்பை வைத்துக்கொண்டு ஒருவர் "விரி, இன்னும் விரி" என்று சொல்லும் காட்சிக்கு வசனமே தேவைப்படாது. வட்டத்தில் நிற்கும் பையன்கள் தங்களை அறியாமல் மூச்சை இழுப்பார்கள்.

சரி, செலவு என்ன? பணமாகப் பார்த்தால் வேனும் சாப்பாடும்தான். மற்றவை வேறு கணக்கு. நான்கு மணி வெயிலில் தொண்டை போகும். பெண் நடிகர்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முதல் நாளே பார்த்து வைக்கவேண்டும். போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும். 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டப்படி பிரதியைக் காவல்துறையிடம் கொடுக்கவேண்டியிருந்தது. 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஆனால் பொது இடத்தில் ஆள் கூட்டுவதற்கு அனுமதி கேட்கும் தேவை அதோடு போய்விடவில்லை. மனுவில் "உடல்நலம், மனநலம் குறித்த விழிப்புணர்வு நாடகம்" என்று எழுதினால் வேலை சுலபம். பொய்யும் இல்லை. ஆபத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: 1989 புத்தாண்டு அன்று தில்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்தில் வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கப்பட்ட சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். அங்கே இருந்தது தேர்தல் அரசியல். உங்கள் நாடகத்துக்கு அவ்வளவு வராது. ஆனால் தெரு என்பது தெருதான்.

இன்றைய பெரிய தொல்லை போன். இருபது நிமிட நாடகத்தில், நடிகை தன் இடுப்பை அளந்து காட்டும் பத்து வினாடி மட்டும் வெட்டப்பட்டு எங்கோ போகும். அந்தப் பத்து வினாடி தனியாக எப்படித் தெரியும் என்று யோசித்துக் காட்சியை அமையுங்கள்.

தெருவில் அறிவிக்காமல் செய்யும் வகையும் ஒன்று உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஏட்ரியன் பைப்பர் 1970 வாக்கில் நியூயார்க்கில் 'கட்டலிசிஸ்' என்ற வரிசையைச் செய்தார். வாயில் துண்டைத் திணித்து, கன்னம் உப்ப, மீதித் துண்டு வெளியே தொங்க பஸ்ஸில் பயணம் செய்தார். நாற்றமெடுக்கும் உடையோடு ரயிலில் போனார். இது நாடகம் என்று யாருக்கும் சொல்லவில்லை. படிக்க அருமையாக இருக்கும். நம் ஊர் டவுன் பஸ்ஸில் தனியாக ஒரு பெண் இதைச் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நாடகம் என்ற அறிவிப்பு இருந்தால்தான் உங்களுக்கும் பாதுகாப்பு, பார்ப்பவருக்கும் அது நியாயம்.

## கேலரியில், மணிக்கணக்கில்

நிகழ்த்துகலை என்றதும் பலருக்கு இதுதான் கண்முன் வரும். மரினா அப்ரமோவிச் 1974-இல் நேப்பிள்ஸில் செய்த 'ரிதம் 0'. மேசையில் 72 பொருள்கள், ஆறு மணி நேரம், அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அறிவிப்பு. ரோஜாவில் தொடங்கியது, உடையைக் கிழிப்பதிலும் துப்பாக்கியை நீட்டுவதிலும் போய் நின்றது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1964-இல் ஜப்பானில், யோகோ ஓனோ 'கட் பீஸ்' செய்திருந்தார். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து கத்தரிக்கோலால் அவர் உடையை வெட்டி எடுத்துப்போனார்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு "நானும் அசையாமல் உட்கார்கிறேன், என் உடம்பில் என்ன குறை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதட்டும்" என்று வருகிறவர்கள் உண்டு. என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே. பார்வையின் கடிவாளத்தை முழுதாக விட்டுக்கொடுக்கும் வடிவம் இது. என்ன நடக்கும் என்று அப்ரமோவிச் காட்டிவிட்டார், மறுபடி நிரூபிக்கவேண்டியதில்லை. கல்லூரி விழாவில் செய்தால் நிலைமை இன்னும் மோசம். எழுதப்போவது நாளைக்கும் உங்களோடு வகுப்பில் உட்காரப்போகிறவர்கள்.

எலியனோர் ஆன்டினின் 'கார்விங்' (1972) வேறு வகை. பட்டினி உணவில் தன் உடல் இளைப்பதை நாள்தோறும் நான்கு பக்கமும் படமெடுத்து 148 படங்களாக அடுக்கினார். சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல் உடலைச் செதுக்குவதாகப் பகடி. யோசனை கூர்மைதான். ஆனால் உடல் அழுத்தத்தைப் பற்றிப் பேச உடலையே பட்டினி போடும் வழியை இன்று யாருக்கும் சொல்லமாட்டேன். பார்ப்பவர்களில் சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் ஒருவர் இருந்தால் அது அவருக்கு வழிகாட்டிப் படமாகிவிடும். எந்த வடிவமானாலும் கிலோ கணக்கு, பட்டினி முறை, 'முன்பு – பின்பு' படம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்படியானால் கேலரி யாருக்கு? வயதில் கொஞ்சம் முதிர்ந்து, தன் உடலோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிட்ட கலைஞர்களுக்கு. அவசரப்படாமல், பார்வைக்குப் பதில் பார்வை தர நினைப்பவர்களுக்கு. கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வது நல்லது. நிகில் சோப்ரா 2019-இல் நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் ஒன்பது நாள் உடை மாற்றி மாற்றி, வரைந்துகொண்டே இருந்தார். வேலை இருந்தால் உடல் வெறும் காட்சிப்பொருளாகாது. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துப் புது அளவில் தைத்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்காரலாம். தொடுவதற்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதி வையுங்கள். நிகழ்வில் பங்கில்லாத ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். நிறுத்தச் சொல்லி உங்களுக்குள் ஒரு சைகை இருக்கட்டும். தண்ணீர், கழிப்பறை, முதுகுவலி எல்லாவற்றையும் திட்டத்திலேயே சேருங்கள்.

## கேமராவுக்கு முன்னால்

நேரில் நிற்க மனம் ஒப்பாதவர்களுக்கு இது கதவைத் திறக்கிறது. முகத்தை மறைக்கலாம், கையை மட்டும் காட்டலாம், பிடிக்காததை வெட்டலாம்.

மார்த்தா ராஸ்லர் 1977-இல் எடுத்த ஒரு வீடியோவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஆண்கள் ஒரு பெண்ணின் உடலை அங்கம் அங்கமாக அளந்து குறித்துக்கொள்வார்கள். ஒவ்வோர் அளவும் சராசரியா, கூடவா, குறைவா என்பதற்கு ஓரத்தில் நிற்கும் பெண்கள் ஒரு சத்தம் எழுப்புவார்கள். அசையாத கேமரா, நீண்ட நேரம். இதையே டெய்லர் கடையில் எடுத்துப் பாருங்கள். டேப் போகும் வழி, அளவு நோட்டில் எழுதப்படும் எண்கள், "போன தடவைய விட ரெண்டு இஞ்சு கூடியிருக்கு" என்ற குரல். வேறு எதுவும் வேண்டாம்.

நம் பக்கத்து உதாரணம் பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலா. புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய புகைப்பட வரிசையில், காலனிய காலத்து மானுடவியலாளர்கள் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் பெண்களை நிறுத்தி அளந்து எடுத்த படங்களைத் தன் உடலாலேயே மறுபடி நடித்துக் காட்டினார். பார்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதை ஒரே சட்டகத்தில் சொல்லிவிடும் வேலை அது. அதில் அழுகை கிடையாது, நக்கல் நிறைய உண்டு. அந்த நக்கலை இளைஞர்கள் இன்னும் தாராளமாகக் கடன் வாங்கலாம் என்று எனக்குப் படுகிறது.

செய்யும்போது முதல் வேலை: போனில் பியூட்டி மோடை அணையுங்கள். பல போன்களில் முன்பக்கக் கேமரா கேட்காமலேயே தோலை வழுவழுப்பாக்கி ஒரு படி வெளுக்கவைக்கும். நிறத்தைப் பற்றிய வீடியோ அந்த மெழுகு முகத்தோடு வந்து நின்றால் சிரிப்புத்தான்.

ஆனால் செலவு முழுக்க வெளியிட்ட பிறகுதான் வரும். அரங்கத்தில் நூறு பேர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே கமெண்டில் ஊரே உட்கார்ந்திருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு முன்னால் வீடியோ போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் நீக்கினாலும் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

சட்டமும் இங்கே கடுமை. ஆபாசம் என்று ஒருவர் புகார் கொடுத்தால், பொது இடத்து நிகழ்வுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 296 (பழைய இ.பி.கோ. 294), அதிகபட்சம் மூன்று மாதம். இணையத்தில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, முதல்முறைக்கே மூன்று ஆண்டு வரை. கேரளத்தில் ரெஹானா பாத்திமா தன் மேலுடம்பில் தன் பிள்ளைகள் ஓவியம் வரைவதை 2020-இல் வீடியோவாக வெளியிட்டார். குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து வழக்கானது. நிர்வாணமும் ஆபாசமும் ஒன்றல்ல என்று சொல்லி கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் அவரை விடுவித்தது. தீர்ப்பு சாதகம்தான். நடுவில் போன மூன்று வருடத்தையும் கணக்கில் சேருங்கள். குழந்தைகளைச் சட்டகத்துக்குள் கொண்டுவருவதற்கு முன் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

## யாருக்கு எது

தனியாக இருக்கிறீர்கள், முதல்முறை, விஷயம் உங்கள் சொந்தக் கதை என்றால் சிறு அரங்கு. ஹால் பிடிக்கப் பணம் இல்லையென்றால் நண்பர் வீட்டு மொட்டைமாடியும் அரங்குதான். பதினைந்து பேரை அழையுங்கள், போன்களை ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள்.

குழு இருக்கிறது, கோபம் இருக்கிறது, மற்றவர்களை மாற்றவேண்டும் என்றால் தெரு.

ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது, ஆனாலும் சொல்லியாகவேண்டும் என்றால் முகம் மறைத்த வீடியோ. வெளியிடாமல் ஒரு மாதம் வைத்திருந்து, மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேடையில் ஒருமுறை செய்து பார்த்தபின் வீடியோவாக்குவது இன்னும் நல்லது. எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கேலரி கடைசி. ஒரு கேலரியோ விழாவோ அழைத்து, பாதுகாப்பையும் அவர்கள் ஏற்றால் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் செய்யச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால் மேலே சொன்ன நான்குமே பொருந்தாது. பிரேசிலின் அகுஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு அங்கே சரிவரும். மேற்கு வங்கத்தில் ஜன சம்ஸ்கிருதி என்ற நாடகக் குழு 1985 முதல் கிராமங்களில் வேர்விட்டு இதைச் செய்துவருகிறது. ஐந்து நிமிடக் காட்சி ஒன்று, அதில் ஒருத்தி கேலிக்கு ஆளாகிறாள். முடிந்ததும் அதையே மறுபடி தொடங்குவீர்கள். இந்தமுறை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் யாராவது "நிறுத்து" என்று சொல்லி எழுந்து வந்து, அவளுடைய இடத்தில் நின்று வேறுமாதிரி செய்து பார்க்கலாம். நிறுத்தும் உரிமை பார்வையாளருக்கே போகிறது, ஆனால் நல்லதற்கு. கேலிக்கு ஆளாகும் பாத்திரத்தைப் பெரியவர் ஒருவர் நடிக்கட்டும். வகுப்பிலேயே குண்டான, கறுத்த, குட்டையான பிள்ளையைப் பிடித்து அந்த வேஷம் கொடுக்கச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். நிகழ்வு முடிந்த கையோடு வேனில் ஏறிவிடாமல் ஒரு பீரியட் அங்கேயே இருங்கள். பேசவேண்டிய பிள்ளை அந்த நேரத்தில்தான் வரும்.